இடைவேளையில் எங்கே போய் நிற்பது?

கடைசிபெஞ்ச்:
பதினோராம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. மற்ற எல்லாரும் ஆறாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படித்தவர்கள். யாரும் கிண்டல் செய்யவில்லை, ஒதுக்கவும் இல்லை. நான் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவுதான். மணி அடித்ததும் தண்ணீர் பாட்டிலோடு குழாயடிக்குப் போய்விடுவேன், ஏதோ வேலை இருக்கிற மாதிரி தெரியுமே என்று. நேற்று மூன்றாவது தடவை போனபோது பாட்டில் நிறைந்தே இருந்தது. பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்து வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. என்னதான் செய்வது?

ஊமைக்கோட்டான்:
தம்பி, பாட்டில் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நான் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிய ஆள். கும்பலை விடு, பக்கத்தில் உட்காருபவனிடம் ஆரம்பி. மேடி சீகல் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் மேரிலாந்து போலீஸ் பயிற்சியில் இருந்தவர்களை ஆராய்ந்து 1974இல் எழுதினார். அங்கே பெயரின் எழுத்து வரிசைப்படிதான் இருக்கை, அறை எல்லாம். நண்பர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் வரிசையில் அருகருகே இருந்தவர்களையே சொன்னார்கள்!

சாக்பீஸ்:
நான் ஆசிரியர். பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதாது, தம்பி. வருஷம் முழுக்க ஒரே பெஞ்சில் இருந்து ஸ்கேல் கடன் கேட்பதைத் தாண்டாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஜெஃப்ரி ஹால் என்பவரின் 2018 ஆய்வின்படி, தெரிந்த முகம் சாதாரண நண்பராகவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும். நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். அந்தக் கணக்கில் ஏழு வாரம் ஒன்றுமே இல்லை. குழாயடி நேரம் வேறு சேராது! கைக்கு வேலை இருக்கிற இடமாகப் பார்த்துச் சேர்ந்துகொள்: நாடகத்துக்குத் திரை இழுப்பது, மேட்சுக்கு ஸ்கோர் எழுதுவது. கூச்சக்காரர்களுக்கு முகம் பார்த்துப் பேசுவதைவிடத் தோளோடு தோள் நின்று பேசுவது சுலபம். ஒன்று மட்டும்: தூக்கம் கெடுகிறது, காலையில் பள்ளி என்றாலே வயிற்றைப் புரட்டுகிறது என்றால் வீட்டில் சொல்லிவிடு, தள்ளிப்போடாதே.

ஊமைக்கோட்டான்:
சார், ஸ்கேல் கடனில்தான் எனக்கு ஆரம்பித்தது :)

கடைசிபெஞ்ச்:
பத்து நாள் கழித்து வருகிறேன். ஸ்கோர் எழுதக் கேட்டேன், ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் பக்கத்தில் இருப்பவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் லாரி வரைவான். ஒத்திகை எதுவும் இல்லாமல், “ஏன்டா ஒரு சக்கரம் மேலே இருக்கு?” என்று கேட்டுவிட்டேன். “ஸ்டெப்னிடா!” என்றான். அப்புறம் இரண்டு பீரியட் லாரிப் பேச்சுதான். அவனும் அதிகம் பேசுகிறவன் இல்லை, இத்தனை நாள் நான் அதைக் கவனிக்கவே இல்லை. இன்றும் குழாயடிக்குப் போனேன். இரண்டு பாட்டில்.