பகையில் தொடங்கும் விக்டோரியா காலக் காதல் நாவல்கள்: பரிந்துரை வேண்டும்

வணக்கம் நட்புகளே. கீரியும் பாம்புமாக இருக்கும் இருவர் மெல்ல மெல்லக் காதலில் விழும் சரித்திர நாவல்கள் தேடுகிறேன். களம் விக்டோரியா மகாராணி காலத்து (1837–1901) லண்டன் மேல்தட்டு. அதற்கு முந்தைய ரீஜென்சி (19ஆம் நூற்றாண்டின் தொடக்க கால இங்கிலாந்து) கதைகள் நிறையப் படித்தாயிற்று.

பகைக்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். விருந்தில் ஒரு வார்த்தை தடித்துவிட்டது என்பதற்காக முந்நூறு பக்கம் முறைத்துக்கொள்வதெல்லாம் மனதில் ஒட்டுவதில்லை. 1840களின் ரயில்வே பங்கு மோகத்தில் அவன் குடும்பத்தை நம்பி அவள் அப்பா சொத்தை இழந்தார் என்றால், அது பகை!

கதை 1882க்கு முன் நடந்தால் இன்னும் நல்லது. மணமான பெண்களுக்குச் சொத்துரிமை தந்த அந்த ஆண்டுச் சட்டம் வரும்வரை, தனியாகப் பத்திரம் எழுதி வைக்காத மணப்பெண்ணின் பணமும் நகையும் பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். நேற்றுவரை எதிரியாக இருந்தவனை நம்பிக் கழுத்தை நீட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தப் பயத்தைத் தொட்டு எழுதிய நாவல் இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.

எந்த நடனம் யாருடன் என்று பெண்கள் குறித்துவைக்கும் நடன அட்டையில் தொங்கும் குட்டிப் பென்சிலால், மறுக்க வழியில்லாமல் அவன் பெயரை அவள் எழுதிக்கொள்வது, துணைக்கு வந்த அத்தை அதைக் கவனிப்பது மாதிரியான காட்சிகள் என்றால் எனக்கு உயிர்.

நாயகன் கடைசி அத்தியாயம்வரை கொடுமை செய்துவிட்டுத் திடீரென்று திருந்துவது மட்டும் வேண்டாம். ஆங்கிலம், தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டும் சரி. தொடர் நாவல் என்றால் எந்தப் பாகத்தில் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.