உதவி: செட்டிங்கை மாத்தினதுல எல்லாரும் ஒரே அடியில சாகறாங்க

விண்கல்_துகள்:
நாளைக்கு ராத்திரி கேம், அவசரம். பகடை உருட்டி ஆடற கதை விளையாட்டு (ரோல்-ப்ளேயிங் கேம்) தான். எங்க செட்டிங்கை (கதை நடக்கற உலகம்) புது சிஸ்டத்துக்கு (விதித்தொகுப்பு) மாத்தி எழுதிட்டேன். சும்மா ஒரு சண்டை ஓட்டிப் பார்த்தா முதல் ரவுண்டுலயே மூணு கேரக்டர் காலி. இத்தனைக்கும் அது சாதாரண மிருகம், பழைய சிஸ்டத்துல அடிச்சுத் துவைச்சிருக்கோம். டேமேஜைப் பாதியாக்கினா சரியாயிடுமா?

மரப்பகடை:
எதுலேந்து எதுக்கு மாத்தறீங்க? அது தெரியாம எதைப் பாதியாக்கச் சொல்றது?

கடைசி_வரிசை:
எத்தனை ப்ளேயர்? புது காம்பெயினா (தொடர் ஆட்டம்), நடுவுல மாத்தறீங்களா?

ஏழாம்_பக்கம்:
தம்பி, மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வந்து நிக்கறீங்க. தேடற பொத்தான்னு ஒண்ணு மேலேயே இருக்கு. ரூல்புக்கை ஒரு தடவை முழுசாப் படிச்சிட்டு வந்தா பாதி சந்தேகம் தானா தீரும். நாங்கல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம்.

விண்கல்_துகள்:
தம்பி இல்ல, தங்கச்சி. நியூமெனெராவுலேந்து சாவேஜ் வேர்ல்ட்ஸுக்கு. சொல்லலையா நான்? ஸாரி.

நுரைக்கடல்:
சாவேஜ் வேர்ல்ட்ஸே வேண்டாம்ங்க. நியூமெனெரா கோடி கோடி வருஷத்துக்கு அப்புறம் நடக்கற கதை, மந்திரமா மெஷினான்னே தெரியாத பொருள்கள். இதுக்கெல்லாம் ஃபேட்ங்கற சிஸ்டம் தான் சரி. நாலு பகடை, மைனஸ் 4-லேந்து ப்ளஸ் 4 வரைக்கும், அவ்வளவுதான். “புரியாத பழைய இயந்திரம்”னு ஒரு ஆஸ்பெக்ட் (தன்மையைச் சொல்ற வாசகம்) எழுதிட்டா வேலை முடிஞ்சுது.

மரப்பகடை:
நுரைக்கடல் அண்ணா, போன வாரம் பேய்க்கதை கேட்டவருக்கும் ஃபேட் தான்னீங்க.

விண்கல், அந்த மிருகத்தோட நம்பர் எல்லாம் போடுங்க. அதுல தான் விஷயம் இருக்கு.

விண்கல்_துகள்:
லெவல் 6. அதனால டேமேஜ் 6டி6 (ஆறு பக்கப் பகடை ஆறு) வச்சேன். எங்க ஆளுங்க டஃப்னெஸ் (அடி தாங்கற அளவு) 5.

மரப்பகடை:
அட, இது தான் கதை! நியூமெனெராவுல லெவல் 6 மிருகம் அடிச்சா பொதுவா 6 பாயிண்ட் போகும். மைட், ஸ்பீட், இன்டலெக்ட்னு மூணு பூல் (பாயிண்ட் சேமிப்பு) இருக்கறதால, ரெண்டு மூணு அடி வாங்கியும் ஆள் நிப்பான். இங்க பூலே கிடையாது. டேமேஜ் டஃப்னெஸை எட்டினா ஷேக்கன் (ஆள் நிலைகுலையறது). அதுக்கு மேல ஒவ்வொரு 4-க்கும் ஒரு காயம். மூணு காயம் வரைக்கும் தாங்கலாம், நாலாவதுல ஆள் அவுட்.

உங்க கணக்கையே போட்டுப் பாருங்க. 6டி6-க்கு சராசரி 21, அதுவும் பகடையோட உச்ச எண் (இங்க 6) விழுந்தா மறுபடி உருட்டிக் கூட்டறதைச் சேர்க்காம. 21-ல 5 போனா 16. அதாவது நாலு காயம், ஒரே அடியில. பாதியாக்கி 3டி6 வச்சாலும் சராசரிக்கே ஒரு காயம், நல்லா விழுந்தா ரெண்டு மூணு. சாதாரணத் துப்பாக்கியே இங்க 2டி6 தானே.

லெவலை மறந்துடுங்க. அந்த மிருகம் என்ன பண்ணும்னு மட்டும் யோசிங்க. பெரிய உடம்பு, நகத்தால கிழிக்கும்னா ஸ்ட்ரென்த் டி12, நகத்துக்கு டி6. நாளைக்கு இது போதும்.

பழைய_தோல்பை:
மரப்பகடை சொல்றது சரி. 1990-ல வந்த ரிஃப்ட்ஸ்ங்கற கேமும் மந்திரமும் ரோபோவும் கலந்த உலகம் தான். அதுல 1 மெகா டேமேஜ்னா 100 சாதாரண டேமேஜ். அதை சாவேஜ் வேர்ல்ட்ஸுக்குக் கொண்டு வந்தவங்க அந்த நூறு மடங்கை அப்படியே இறக்கல. கனரக ஆயுதம் தான் கனரகக் கவசத்தைத் துளைக்கும்னு ஒரே விதியில முடிச்சிட்டாங்க.

இன்னொண்ணு. நியூமெனெராவுல ஜிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்) நடுவுல புகுந்து சிக்கல் குடுத்தா எக்ஸ்பி (அனுபவப் பாயிண்ட்) தருவாரு இல்லையா, அதுக்குப் பதிலா ஒரு பென்னி (சாவேஜ் வேர்ல்ட்ஸ்ல செலவழிக்கற டோக்கன்) குடுங்க, ரொம்ப இயல்பாப் பொருந்தும். எஃபர்ட்டுக்கும் (பூல் பாயிண்ட்டைச் செலவழிச்சு வேலையைச் சுலபமாக்கறது) தனியா விதி எழுதாதீங்க, பென்னி செலவழிச்சு மறுபடி உருட்டறதே அந்த வேலையைப் பார்த்துக்கும். காயத்தைச் சோக் பண்ணவும் (தாங்கிக் குறைக்கவும்) அதே பென்னி தான், ஆளுக்கு மூணு இருக்குன்னு ப்ளேயர்ஸுக்கு ஞாபகப்படுத்துங்க. டெஸ்ட்ல அதை யாராவது செலவழிச்சாங்களா?

ஏழாம்_பக்கம்:
இதெல்லாம் ரூல்புக்லயே இருக்கு. தவிர, இந்த சிஸ்டத்துல பெரிய பகடை வச்சிருக்கறவன் எப்பவும் நல்லா அடிப்பான், முதல்ல கேரக்டரை ஒழுங்கா ஏத்தச் சொல்லுங்க.

கடைசி_வரிசை:
“எப்பவும்” இல்ல. சாதாரணமா 4 எடுத்தா போதும், மைனஸ் 2 பெனால்டி இருந்தா 6 வேணும். டி6-ல 6 விழ ஆறுல ஒண்ணு, 16.7 சதவீதம். டி4-ல முதல்ல 4, அப்புறம் 2 அல்லது அதுக்கு மேல. 16-ல 3, அதாவது 18.75. டி4 தான் ஜெயிக்குது.

ஏழாம்_பக்கம்:
வைல்ட் டையை (கூடவே உருட்டற டி6, ரெண்டுல எது பெருசோ அது) மறந்துட்டீங்க. அரைகுறைக் கணக்கு.

கடைசி_வரிசை:
மறக்கல. அதையும் சேர்த்தா டி4-க்கு 32.3, டி6-க்கு 30.6. பேப்பர்ல போட்டுப் பாருங்க.

ஏழாம்_பக்கம்:
அதே பெனால்டில ரெய்ஸ் (தேவையை விட 4 அதிகம்) வேணும்னா 10 எடுக்கணும். அங்க உங்க டி4 என்ன ஆச்சு?

கடைசி_வரிசை:
அங்க டி6 தான் மேல, யார் இல்லன்னா? நீங்க சொன்ன “எப்பவும்” தான் தப்புங்கறேன்.

நுரைக்கடல்:
ஃபேட்ல இந்தத் தலைவலியே கிடையாது.

பழைய_தோல்பை:
டி4 சண்டையைத் தனி இழையில வச்சுக்கோங்கப்பா. அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு கேம். விண்கல், உங்க சாவேஜ் வேர்ல்ட்ஸ் புக் டீலக்ஸா, அட்வெஞ்சர் எடிஷனா? ஷேக்கன்லேந்து மீள்ற விதி நடுவுல மாறியிருக்கு.

கடைசி_வரிசை:
ப்ளேயர் எத்தனைன்னும் கேட்டிருந்தேன்.

(இரண்டு நாள் கழித்து)

விண்கல்_துகள்:
கேம் முடிஞ்சுது. டி12, டி6 வச்சே ஓட்டினேன். ஒருத்தனுக்கு ரெண்டு காயம், ஒண்ணை பென்னி போட்டு சோக் பண்ணிட்டான். யாரும் சாகல. டெஸ்ட்ல பென்னியையே நான் மறந்திருக்கேன். மரப்பகடை அண்ணா, தோல்பை அண்ணா, ரொம்ப தேங்க்ஸ். சைஃபர் (நியூமெனெராவோட ஒரு தடவைப் பொருள்கள்) மட்டும் சொதப்பல், அதைத் தூக்கிட்டேன்.

மரப்பகடை:
சைஃபரைத் தூக்கினா நியூமெனெராவுல மிச்சம் என்ன இருக்கு?! என்ன சொதப்பல்? ஒரே தடவை வேலை செய்யற பவர், உருட்டவே வேண்டாம், தானா பலிக்கும்னு வச்சிருந்தீங்களா?

மரப்பகடை:
விண்கல், இருக்கீங்களா?

கடைசி_வரிசை:
டி8-க்கும் இதே கூத்து இருக்கு. 8 எடுக்க டி6 தான் மேல. கணக்கு கீழ போடறேன்.