வெள்ளை உடுப்புப் பையன்

மீனா: (படம்)
மீனா: காலை வணக்கம் எல்லாருக்கும். டொரண்டோல நூலகத்துலருந்து ஒரு ஓவியப் புத்தகம் எடுத்துட்டு வந்தேன், கீழ வைக்க மனசே வரல. வரைஞ்சவர் மேயர் கிர்ஷென்பிளாட். 1916ல போலந்துல ஒபாத்துவ்ங்கிற சின்ன ஊர்ல பிறந்த யூதர். 1934ல கனடா வந்து, இதே டொரண்டோல பெயிண்ட், வால்பேப்பர் கடை வச்சிருந்தார். வரைய ஆரம்பிச்சதே 73 வயசுலதான். யார்கிட்டயும் படிக்கல. வீட்ல எல்லாரும் வற்புறுத்தினதால தூரிகையை எடுத்தார். முதல்ல வரைஞ்சது சின்ன வயசுல இருந்த வீட்டு சமையலறை.

ராமு பெரியப்பா: படம் பார்த்தேன்மா. சின்னப் பிள்ளைங்க போடற மாதிரி இருக்கு. வெள்ளை பைஜாமா போட்டு ஒரு பையன் நிக்கிறான். அவ்ளோதானே?

மீனா: அந்த வெள்ளையிலதான் பெரியப்பா எல்லாமே இருக்கு. அவன் ஓவியரோட ஊர்ல இருந்த ஒரு பையன். அவனுக்கு முன்னாடி அந்த வீட்ல பிறந்த குழந்தைங்க எல்லாம் இறந்துட்டாங்க. இவனையாவது காப்பாத்தணும்னு அப்பா அம்மா ஒரு ஞானிகிட்ட போய்க் கேட்டாங்க. பையனுக்கு எப்பவும் வெள்ளையே உடுத்துங்கன்னு அவர் சொன்னார். யூதர்கள் இறந்தவங்களுக்கு உடுத்தறது வெள்ளைத் துணி. மரண தேவதை வந்து பார்த்தா, இவன் ஏற்கெனவே செத்தவன்னு நினைச்சுத் திரும்பிப் போயிடணும்.

சிவகாமி அத்தை: ஐயோ. படிக்கவே நெஞ்சு அடைக்குதுடி.
சிவகாமி அத்தை: நம்ம ஊர்லயும் பிள்ளை தங்காத வீட்ல குப்பையில புரட்டி எடுத்து குப்புசாமின்னு பேர் வைப்பாங்க. தவிட்டுக்கு வித்துட்டுத் திருப்பி வாங்குவாங்க. எமன் இதுக்கு மதிப்பில்லன்னு விட்டுட்டுப் போகணும்னு.

மீனா: அதேதான் அத்தை! அவங்ககிட்டயும் பேர் மாத்தற வழக்கம் இருந்திருக்கு. நோயாளிக் குழந்தைக்கு ஆல்டர், அதாவது கிழவன்னு புதுப் பேர் வைப்பாங்க. தேடி வர்றவன் கையில இருக்கற பேருக்கு அந்த வீட்ல ஆளே இருக்காது.

கார்த்தி: அக்கா, அப்போ வெள்ளைன்னா யூதர்களுக்கு சாவு நிறமா?

மீனா: சாவு மட்டும் இல்லடா. கிழக்கு ஐரோப்பா யூதர்கள்ல மாப்பிள்ளை கல்யாணத்துல கிட்டல்னு ஒரு வெள்ளை அங்கி போடுவார். யோம் கிப்பூர் விரத நாள்லயும் அதேதான். கடைசியில அதையே உடுத்தி அடக்கம் பண்றதும் உண்டு. கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் ஒரே துணி. அதனால வெள்ளைன்னா சாவுன்னு ஒரு வார்த்தையில எழுதி முடிச்சுட முடியாது.

ராமு பெரியப்பா: சரி, ஒத்துக்கறேன். ஆனா குறியீடுன்னா ஓவியர் யோசிச்சு உள்ள வைக்கணும் இல்லையா? இவர் நடந்ததை அப்படியே போட்டிருக்கார். அதை எப்படிக் குறியீடுன்னு சொல்றது?

மீனா: எனக்கு இதுல பிடிச்சதே அதுதான் பெரியப்பா. அவர் எதையும் ஒளிச்சு வைக்கல. குறியீடு அந்த ஜனங்க வாழ்க்கையிலயே இருந்தது. வெள்ளைத் துணியை மகனுக்கு மாட்டி விட்ட அம்மாதான் அதைப் பண்ணினாங்க. இவர் அந்தத் துணியை சரியா ஞாபகம் வச்சிருந்தார். அந்த ஞாபகத்துக்கு நான் தலை வணங்கறேன்.

மீனா: (படம்)
மீனா: இதைப் பாருங்க. கறுப்புக் கல்யாணம்னு சொல்வாங்க. 1892ல ஒபாத்துவ்ல காலரா. மருந்து, பிரார்த்தனை எதுக்கும் அடங்கல. ஊர் கூடி, கல்யாணம் பண்ணி வைக்க ஆளில்லாத ஏழைங்க ரெண்டு பேரைத் தேடி, கல்லறைத் தோட்டத்து நடுவுல பந்தல் போட்டுக் கட்டி வச்சாங்க. அந்தப் பந்தல் நாலு கம்பு மேல விரிச்ச துணி, ஹுப்பான்னு பேரு. புதுசா அமையப் போற வீட்டுக்கு அது அடையாளம். அதைக் கொண்டுபோய் சமாதிகளுக்கு நடுவுல நட்டிருக்காங்க. ஆதரவில்லாதவங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறது பெரிய புண்ணியம், அந்தப் புண்ணியம் நோயை நிறுத்தும்னு நம்பிக்கை. இவர் பிறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. ஊர்ல கேட்ட கதையை வச்சே வரைஞ்சிருக்கார்.

சிவகாமி அத்தை: யூதர் கல்லறைன்னா கல்லுல ரெண்டு கை செதுக்கியிருக்குமே, எங்கயோ பார்த்திருக்கேன். அது என்னடி?

மீனா: அது கோஹன், பூசாரி வம்சத்துக்காரர் கல்லறை அத்தை. விரலைப் பிரிச்சு ஆசீர்வாதம் பண்ற கை. லேவி குலம்னா தண்ணிக் குடம், ஏன்னா பூசாரிக்குக் கை கழுவத் தண்ணி ஊத்தறது அவங்க வேலை. பெண்களுக்கு மெழுகுவர்த்தித் தண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு ஏத்தறது அவங்கதானே. சின்ன வயசுல போனவங்களுக்கு முறிஞ்ச மரம், இல்ல முறிஞ்ச மெழுகுவர்த்தி.

கார்த்தி: அந்த ஊர் இப்ப எப்படி இருக்கு அக்கா?

மீனா: ஊர் இருக்கு. அந்த ஜனங்க இல்ல. போருக்கு முன்னாடி ஊர்ல பாதிக்கு மேல யூதர்கள். 1942 அக்டோபர்ல நாஜிக்கள் ஆயிரக்கணக்குல அவங்களை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்ல ஏத்தினாங்க, அங்க கொன்னுட்டாங்க. கல்லறைத் தோட்டமும் அழிஞ்சு போச்சு, அந்த இடத்துல இப்ப பூங்கா. அவங்க எப்படிச் செத்தாங்கன்னு உலகத்துக்குத் தெரியும், எப்படி வாழ்ந்தாங்கன்னு தெரியாமப் போயிடக் கூடாதுங்கிறதுதான் இவரோட கவலை. அதான் வாளித் தண்ணி தூக்கறவன், செருப்புத் தைக்கறவன், கடையில மீன் திருடற பொம்பளை வரைக்கும் யாரையும் விடல.

ராமு பெரியப்பா: மீனா, சின்னப் பிள்ளை படம்னு சொன்னது எனக்கே சரியாப் படல இப்ப. அவர் இருக்காரா?

மீனா: 2009ல இறந்துட்டார் பெரியப்பா. மகள் பார்பரா பெரிய நாட்டார் வழக்காற்று அறிஞர், வார்சால இருக்கற போலின்ங்கிற போலந்து யூதர் வரலாற்று அருங்காட்சியகத்தோட நிரந்தரக் கண்காட்சியை உருவாக்கினதுல முக்கியமானவங்க. அப்பா படங்களை அங்கயே 2024ல தனிக் கண்காட்சியா வச்சாங்க.

சிவகாமி அத்தை: அந்த சமையலறைப் படத்தை அனுப்புடி. அடுப்பு எந்தப் பக்கம், பாத்திரம் எங்க வச்சிருக்காங்கன்னு பார்க்கணும்.

மீனா: அனுப்பறேன் அத்தை, பக்கத்தைத் தேடிட்டு இருக்கேன்.