ஜார்ஜியாவுக்கு மசாலா ஏற்றுமதி: கம்பெனி பதிவா, நிலமா, சரக்கு மட்டுமா?

கேள்வி: காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் காரைக்குடியில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், செட்டிநாட்டு மசாலா ஆகியவற்றை அரைத்து விற்றுவருகிறது. ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண்ணும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் இருக்கின்றன. மலேசியாவுக்குச் சிறிய அளவில் அனுப்பியும் இருக்கிறோம். உறவுக்காரப் பையன் ஒருவன் ஜார்ஜியாவின் தலைநகரான திபிலீசியில் மருத்துவம் படிக்கிறான். அங்கே இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் நம் மசாலாவுக்குக் கிராக்கி உண்டு என்கிறான். இதற்கிடையில் தரகர் ஒருவர், அங்கே ஒரே நாளில் கம்பெனி பதியலாம், விவசாய நிலம் மலிவு, அங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சுங்கவரியின்றி அனுப்பலாம் என்று ஆசை காட்டுகிறார். முதலை எதில் இறக்குவது, போட்ட பணம் திரும்பி வருவதற்கு என்ன பிடிமானம் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: தேவகோட்டைக்காரர், திபிலீசியில் வணிகம்

தம்பி, கம்பெனிப் பதிவு பற்றித் தரகர் சொன்னது சரிதான். வெளிநாட்டவரே நூறு சதவீதப் பங்கையும் வைத்துக்கொள்ளலாம். 2017 முதல் லாபத்தைப் பிரித்து வெளியே எடுக்கும்போதுதான் 15 சதவீத வரியும், அதன்மேல் பங்காதாயத்துக்கு 5 சதவீதமும் கட்ட வேண்டும்; லாபத்தைத் தொழிலிலேயே சுழலவிட்டால் அந்த வரி இல்லை. ஆனால் கம்பெனி பதிந்ததனால் மட்டும் வாங்குபவர் வந்துவிடமாட்டார். நாட்டின் மொத்த மக்கள்தொகையே 40 லட்சத்தை எட்டாது. மாணவர்களை நம்பிக் கடை விரிக்க வேண்டாம். அவர்கள் விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பும்போது பெட்டி நிறைய அம்மா அரைத்த பொடியைக் கொண்டுவருகிறார்கள்.

உள்ளூர்க்காரர் சமையலைப் பாருங்கள். திபிலீசி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள டெசெர்ட்டர் சந்தையில் பொடிகளைக் குவித்து வைத்து விற்பார்கள். க்மேலி சுனேலி என்ற அவர்களுடைய மசாலாப் பொடியில் மல்லியும் நீல வெந்தயமும் சேரும்; காரத்துக்கு அஜிகா என்ற மிளகாய் விழுது; மஞ்சள் நிறத்துக்குக் காயவைத்துப் பொடித்த துலுக்கச் சாமந்தி இதழ். இவையெல்லாம் அந்த மண்ணிலேயே விளைபவை. அங்கே விளையாதவை மிளகும் கிராம்பும் ஏலக்காயும். எனவே நீங்கள் அரைத்த மசாலாவைவிட, சுத்தம் செய்து தரம் பிரித்த முழு மிளகுக்கே மொத்த வியாபாரி காது கொடுப்பார் என்பது என் கணிப்பு. இறக்குமதியின்போது 18 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. உறையின்மேல் ஜார்ஜிய மொழியில் விவரம் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் அங்குள்ள இறக்குமதியாளர் பொறுப்பில் விடுவதே நல்லது.

பதில்: தூத்துக்குடி, ஏற்றுமதி ஆவணப் பணி

ஐரோப்பாவுக்கு வரியின்றி அனுப்பலாம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜார்ஜியாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துடனும், 2018 முதல் சீனாவுடனும் தடையற்ற வணிக ஒப்பந்தம் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சலுகை ஜார்ஜியாவில் உருவான பொருளுக்கே உரியது. இந்தியச் சரக்கை அங்கே இறக்கி வேறு பையில் மாற்றிக் கட்டுவதனால் அது ஜார்ஜியப் பொருளாகிவிடாது. போதாக்குறைக்கு, இந்திய மிளகாய்க்கு அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சுக்கான சோதனையை ஐரோப்பிய எல்லையில் கடுமையாகவே செய்கிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து போகும் சரக்குப் பெட்டி (கன்டெய்னர்) வழியில் வேறு கப்பலுக்கு மாறி, கருங்கடலில் உள்ள ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்தில் இறங்கும். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதால் பயண நாள் கூடியது. அத்தனை நாள் வெப்பத்திலும் ஈரத்திலும் அடைந்து கிடந்தால் மிளகாய்த்தூள் நிறம் மங்கிக் கட்டி தட்டிவிடும். தூள் அனுப்புவதாயிருந்தால் உள்ளுறை போட்ட பையும் ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் கட்டாயம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்றுமதியாளர் பதிவு உங்களிடம் இருக்கிறதா என்று எழுதவில்லை. அது இல்லாமல் மிளகோ மசாலாவோ அனுப்ப இயலாது.

பதில்: கானாடுகாத்தான் ஆச்சி

நிலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். சுமார் 2012-இல் பஞ்சாப் விவசாயிகள் பலர் ஜார்ஜியாவில் நிலம் வாங்கினார்கள். உள்ளூர் மக்களின் எதிர்ப்பு வளர்ந்து, 2013-இல் அந்நியருக்கு விவசாய நிலம் விற்பதை நிறுத்திவைத்தார்கள். நீதிமன்றம் அதை ரத்துசெய்த பிறகும், 2018-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தத்திலேயே அந்தத் தடையைச் சேர்த்துவிட்டார்கள். ஆகையால் விவசாய நிலம் மலிவு என்று உங்களிடம் சொல்லும் தரகரோடு மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

நம் பகுதிக்கு இந்தக் கதை தெரியாததல்ல. 1930-களின் பெருமந்தத்தில் கடனுக்கு ஈடாகப் பர்மாவின் நெல்வயல்கள், அங்கே வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார் கைக்கு வந்தன. முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் அப்படிச் சேர்ந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள், 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. கொடுக்கல் வாங்கலில் கடையை நடத்திய மேலாளும் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த அடுத்தாளும் தவணை தவறாமல் கணக்கு ஒப்புவித்த அத்தனை கட்டுப்பாடும், மண்ணில் முடங்கிய முதலை மீட்க உதவவில்லை. சரக்கை விற்றுப் பணத்தை ஊருக்குக் கொண்டுவாருங்கள், அப்பச்சி; அடுத்தவர் மண்ணில் முதலைப் புதைக்காதீர்கள்.

கேட்டவர்: காரைக்குடி

ஆச்சிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. வாரியப் பதிவு இருக்கிறது. நிலத்தையும் கம்பெனியையும் விட்டுவிடுகிறேன். முதல் சரக்காக முழு மிளகு அனுப்பினால், முன்பின் அறியாத இறக்குமதியாளரிடம் பணத்தை எப்படி வாங்குவது?

பதில்: தூத்துக்குடி, ஏற்றுமதி ஆவணப் பணி

முதலில் மாதிரியைக் கூரியரில் அனுப்புங்கள். பிடித்திருந்தால், முழுப் பெட்டி எடுக்காமல் மற்றவர் சரக்கோடு சேர்த்துச் சிறிய அளவில் அனுப்பலாம். ஒரு பகுதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு, மீதியை வங்கி வழியாக ஆவணத்துக்குப் பணம் என்ற முறையில் வையுங்கள். பணம் கட்டினால்தான் சரக்கு ஆவணம் அவர் கைக்குப் போகும். கடனுக்குக் கேட்டால், ஈசிஜிசி என்ற அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டில் அந்த வாங்குபவருக்கு எவ்வளவு வரம்பு தருகிறார்கள் என்று பார்த்து, அந்த வரம்புக்குள் மட்டும் கொடுங்கள்.