குறைந்த விலை நைட்ரோ பக்கி: கயிறு இழுக்கும் எஞ்சின் பந்தயத்துக்கு ஆகுமா?

புழுதிப்புயல்:
பக்கத்து இழையில் ஒருவர் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். குறைந்த விலையில் 1/8 நைட்ரோ பக்கி (நைட்ரோ எரிபொருளில் ஓடும், அசலில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கார்) வாங்குபவர்கள் கயிறு இழுத்துக் கிளப்பும் புல் ஸ்டார்ட் எஞ்சின் உள்ளதைத்தான் வாங்க வேண்டுமாம், வண்டியை மேலே வைத்து மோட்டாரால் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பாக்ஸ் வெறும் பந்தாவாம். பந்தய ஆசையோடு வரும் புதியவர் யாராவது இதை நம்பிவிடப் போகிறார் என்றுதான் தனி இழை. கயிற்றின் இழுப்பை எஞ்சினுக்குக் கடத்தும் ஒன்-வே பேரிங் வழுக்கத் தொடங்கினால் கையில் கயிறு மட்டும் வரும், எஞ்சின் அசையாது. பாக்ஸில் அந்தக் கதையே இல்லை. எஞ்சினின் ஃப்ளைவீல் என்ற சுழல்சக்கரத்தில் பாக்ஸின் ரப்பர் சக்கரம் உரசும், எஞ்சின் கிளம்பும்.

பிஸ்டன்பாண்டி:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லக் கூச்சமா?

பாக்ஸ் வாங்கு, அதற்கு பேட்டரி வாங்கு, பேட்டரிக்கு சார்ஜர் வாங்கு. ப்ளக்கைச் சூடாக்கும் க்ளோ இக்னைட்டர், எரிபொருள், ரிசீவருக்கான பேட்டரி பேக், எஞ்சின் வெப்பம் பார்க்கும் டெம்பரேச்சர் கன் எல்லாம் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. இதில் குறைந்த விலை எங்கே இருக்கிறது? பேரிங் வழுக்கினால் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் போடுங்கள், பெரும்பாலும் மறுபடி பிடித்துக்கொள்ளும். துடைத்தே பார்க்காமல் தூக்கி எறிபவர்கள்தான் புல் ஸ்டார்ட்டைத் திட்டுகிறார்கள்.

அளவுகோல்:
இருவரும் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். குறைந்த விலை என்பது வண்டிக்கு மட்டுமா, எரிபொருளும் கருவிகளும் சேர்த்தா? பந்தயம் என்றால் நண்பர்களோடு ஓட்டுவதா, முறையான போட்டியா? அதைப் பொறுத்துப் பதிலே மாறும்.

புழுதிப்புயல்:
பந்தயம் என்றால் பந்தயம்தான் ஐயா. 125 சிசி டேங்க், எட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிட்டில் எரிபொருள். நடுவில் எஞ்சின் அணைந்தால் பாக்ஸ் மேல் வைத்து ஒரு அழுத்து, வண்டி திரும்பத் தடத்தில். புல் ஸ்டார்ட் என்றால் பல வண்டிகளில் பாடியைக் கழற்றி, கயிற்றைத் தேடி... அதற்குள் எத்தனை சுற்று போயிருக்கும்?

பிஸ்டன்பாண்டி:
நடுவில் ஏன் அணைகிறது? எரிபொருள் அளவைத் திருத்தும் நீடிலைச் சரியாக வைக்கத் தெரியாததால். அதற்குப் பாக்ஸ் மருந்தா?

இன்னொன்று கேளுங்கள். எரிபொருள் உள்ளே தேங்கிய எஞ்சினைக் கயிற்றால் இழுத்தால் கை அங்கேயே நின்றுவிடும், ஏதோ சரியில்லை என்று தெரியும். உடனே ப்ளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, இழுத்து வெளியேற்றலாம். அதையே பாக்ஸில் வைத்து அழுத்தினால் மோட்டாருக்கு என்ன தெரியும்? கனெக்டிங் ராடு வளையும். கயிறு அறுந்தால் கயிறு போச்சு, ராடு வளைந்தால் எஞ்சின் போச்சு.

புதுவண்டி:
அண்ணே, வாங்கப் போவது நான்தான். புதிய கியோஷோ இன்ஃபர்னோ நியோ ரெடி டு ரன் (ஓட்டத் தயாராகவே வரும் வண்டி) வாங்கலாமா, இல்லை யாரோ பந்தயத்தில் ஓட்டிய பழைய ஹோபாவ் ஹைப்பர் 7 வாங்கலாமா?

பிஸ்டன்பாண்டி:
தம்பி, புல் ஸ்டார்ட் உள்ளதை வாங்குங்கள்.

புழுதிப்புயல்:
அவர் வண்டியைக் கேட்டால் இவர் கயிற்றைச் சொல்கிறார்! புதுவண்டி, பழைய பந்தய வண்டி மோசமில்லை. டிஃப் (டிஃபரன்ஷியல்) கியர், சஸ்பென்ஷன் கைகளைப் பிடிக்கும் ஹிஞ்ச் பின் துளைகள், சேசிஸ் அடிப்பக்கத் தேய்மானம் மூன்றையும் பாருங்கள். எஞ்சின் பழையது என்றால் ப்ளக்கைக் கழற்றாமல் குளிர்ந்த நிலையில் ஃப்ளைவீலைக் கையால் திருப்புங்கள். பிஸ்டன் மேல்முனைக்கு வரும்போது இறுக்கம் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். கூடவே ஒரு ஸ்டார்ட்டர் பாக்ஸ்.

மின்னல்மோட்டார்:
பிரஷ்லெஸ் மின்மோட்டார் வண்டி வாங்குங்கள். கயிறும் வேண்டாம், பாக்ஸும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

பிஸ்டன்பாண்டி:
வந்துவிட்டார் கல்யாண வீட்டில் கருமாதி மந்திரம் சொல்ல. தலைப்பில் நைட்ரோ என்று இருப்பது கண்ணில் படவில்லையா?

மின்னல்மோட்டார்:
புகையில் படவில்லை.

பிஸ்டன்பாண்டி:
புயலார் சொன்ன அந்த மேல்முனை இறுக்கம், அதாவது பிஞ்ச், புது எஞ்சினில் கடுமையாக இருக்கும். எஞ்சின் ஹெட்டை ஹேர் டிரையரால் சூடாக்கிவிட்டு இழுங்கள், கயிறு நோகாது. பிரேக்-இன் (புது எஞ்சினை ஓட்டிப் பழக்குவது) முடியும்வரை கலவையைச் சற்று ரிச்சாகவே, அதாவது எரிபொருள் கூடுதலாகவே, வையுங்கள். அதன்பின் ஓட்டத்தில் ஹெட் 100 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நிம்மதி. இதெல்லாம் செய்தால் புல் ஸ்டார்ட் எஞ்சின் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். 21 எஞ்சின் (0.21 கன அங்குலம்) என்றால் 3.5 சிசிதான், கயிறாக இருந்தாலும் பாக்ஸாக இருந்தாலும் அதே 3.5 சிசி.

புழுதிப்புயல்:
அதே 3.5 சிசி, பின்னால் தொங்கும் கூடுதல் எடையோடு. பெரிய போட்டிகளின் முன்வரிசையில் புல் ஸ்டார்ட்டை எங்கே பார்த்தீர்கள்?

பிஸ்டன்பாண்டி:
பெரிய போட்டி ஓட்டுபவர் குறைந்த விலை வண்டி எது என்று கேட்பாரா? நீங்கள் எந்த முன்வரிசையில் நின்றீர்கள் என்று நான் கேட்டேனா?

அளவுகோல்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ரெடி டு ரன் வாங்குபவர்கள் சிக்னல் போனால் வண்டியை நிறுத்தும் ஃபெயில்சேஃப் இருக்கிறதா, கார்புரேட்டரைத் தானே மூடவைக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. ரிசீவர் பேட்டரி தீர்ந்து முழு வேகத்தில் ஓடும் வண்டியைக் கயிறும் நிறுத்தாது, பாக்ஸும் நிறுத்தாது.

பிஸ்டன்பாண்டி:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு புல் ஸ்டார்ட் பற்றி.

புதுவண்டி:
நான் கேட்டது நியோவா ஹைப்பரா என்று...

புழுதிப்புயல்:
புதுவண்டி, யார் அறிவுரை சொல்கிறார் என்பதையும் பாருங்கள். பாண்டி இங்கே எனக்கு விற்ற எஞ்சின், "பிரேக்-இன் மட்டும் முடிந்தது" என்று சொல்லி விற்றது. வந்தபோது பிஞ்ச் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிஸ்டன்பாண்டி:
ஏர் ஃபில்டருக்கு எண்ணெய் போடாமல் மண்ணில் ஓட்டினால் எந்த எஞ்சினில் பிஞ்ச் தங்கும்? அப்போது நீங்களே போட்ட ஃபில்டர் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, போடட்டுமா?

புழுதிப்புயல்:
போடுங்கள். அதோடு அந்த எஞ்சினின் ஒன்-வே பேரிங் படத்தையும் நான் போடுகிறேன்.

பிஸ்டன்பாண்டி:
துடைத்துவிட்டுப் போடுங்கள்.