பழைய டிராக்டரில் வலப்பக்க பிரேக் பிடிக்கவில்லை

கேள்வி: ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனிப் பெடல் உள்ள, 1950-களின் டிராக்டர் ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். பெடலையும் பிரேக்கையும் இணைக்கும் கம்பியை இரண்டு முறை இறுக்கியும் வலப்பக்கச் சக்கரம் நிற்பதில்லை. பிரேக்கில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பட்டையான லைனிங்கை மாற்றினால் போதுமா?

மறுமொழி 1: கம்பியை மேலும் இறுக்க வேண்டாம். லைனிங் உரசும் உருளைக் கூடான டிரம்மைக் கழற்றி, லைனிங் எண்ணெயில் நனைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின் அச்சில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் தேய்ந்திருந்தால் எண்ணெய் டிரம்முக்குள் கசியும். சீலை மாற்றாமல் புதிய லைனிங் பொருத்தினால் அதுவும் விரைவில் வீணாகும். நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் பொருத்துவோர் உண்டு; உள்ளே ஊறிய எண்ணெய் சூட்டில் மறுபடி வெளிவரும் என்பதால், நான் அதை ஒருபோதும் ஏற்பதில்லை.

மறுமொழி 2: அக்காலத்து லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கக்கூடும் என்பதால், தூசியைக் காற்றடித்து ஊதாமல், உரிய முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். உறுதியான தாங்கியும், முன்சக்கரங்களுக்குக் கட்டையும் அவசியம்.

கேள்வி கேட்டவர்: நீங்கள் சொன்னபடியே லைனிங் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. ஆயில் சீலையும் மாற்றுகிறேன். பிறகு கம்பியை எந்த அளவுக்கு இறுக்க வேண்டும்?

மறுமொழி 1: சக்கரத்தைக் கையால் சுற்றும்போது லேசாக உரசும் வரை இறுக்கி, உரசல் நிற்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். இரு பக்கமும் சமமாகப் பிடிக்காவிட்டால், பெடல்களைக் கொக்கியால் இணைத்துச் சாலையில் வேகமாகச் செல்லும்போது பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழவும் கூடும்.