பழைய எம்எக்ஸ்-5ல கோல்ஃப் அலாய் வீல் உக்காருமா? உதவி ப்ளீஸ்

ரோட்ஸ்டர்காரன்
வணக்கம் மக்களே, என்கிட்ட 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கு, 1.6 இன்ஜின், கம்பெனியோட வந்த 14 இஞ்ச் அலாய்ல ரெண்டு வளைஞ்சு போச்சு, ஒண்ணுல ஸ்போக்குக்கு அடில மெல்லிசா விரிசல் வேற விட்டிருக்கு, அதனால வெல்டு கில்டுன்னு போகாம நாலையும் மாத்திடலாம்னு இருக்கேன். பழைய ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப்ல இருந்து கழட்டின செட் ஒண்ணு கிடைக்குது, பின்பக்கம் 6ஜே×15எச்2 ஈடி45னு அச்சு இருக்கு, அதாவது 6 இஞ்ச் அகலம், 15 இஞ்ச் விட்டம், ஆஃப்செட் 45 மில்லி. ரெண்டு காருமே 4×100 (100 மில்லி வட்டத்துல நாலு ஓட்டை) தான், அப்டியே மாட்டலாம்னு விக்கிறவர் அடிச்சு சொல்றார்.

ஒரு வீல முன்னாடி மாட்டி பாத்தேன், நட்டு இறுகுது, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சாலும் எங்கயும் உரசல. ஆனா ஹப்புக்கும் (வீல் மாட்டுற நடு பாகம்) வீலோட நடு ஓட்டைக்கும் இடைல சந்து தெரியுது. நட்ட கழட்டி பாத்தா அதோட சாய்வுல மெல்லிசா ஒரே ஒரு பளபள கோடு தான் விழுந்திருக்கு, பழைய வீல்ல மாட்டுன நட்டுல சாய்வு முழுக்கவே தேய்மானம் இருக்கு. இது ஓகேவா? டயர் என்ன சைஸ் போடலாம்?

ஹப்புராஜா
சந்து இருக்கத்தான் செய்யும் ப்ரோ. உங்க ஹப்பு 54.1 மில்லி, கோல்ஃப் வீலோட ஓட்டை 57.1, சுத்தி ஒன்றரை மில்லி காத்து. 57.1க்கு 54.1னு ஹப் ரிங் (அந்த சந்த அடைக்கிற வளையம்) கேட்டு வாங்கி போட்டா வீல் சரியா நடுவுல உக்காரும், இல்லனா வேகம் எடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். உள் ஓட்டை சின்னதா இருந்தா தான் பிரச்சனை, அது ஹப்புல ஏறவே ஏறாது.

ஆஃப்செட்ல (வீலோட நடுக்கோட்டுல இருந்து ஹப்புல ஒட்டுற முகம் எவ்ளோ தள்ளி இருக்குங்கிறது, அது தான் ஈடி) கவலையே இல்ல. உங்க பழைய வீல் 5.5×14 ஈடி45, இது அரை இஞ்ச் அகலம் கூட, ஈடி அதே தான், அதனால உள்பக்கம் 6 மில்லி வெளிப்பக்கம் 6 மில்லி தான் கூடுது.

பழையஇரும்பு
ரிங் எல்லாம் அப்புறம் தம்பி, அந்த பளபள கோடு தான் எனக்கு உறுத்துது. வீல்ல நட்டு போற குழிக்குள்ள விரல விட்டு தடவி பாருங்க, புனல் மாதிரி நேரா சரியுதா, இல்ல கிண்ணம் மாதிரி வளைவா இருக்கா?

ரோட்ஸ்டர்காரன்
அண்ணா இப்ப தான் தடவி பாத்தேன், கிண்ணம் மாதிரி தான் இருக்கு. என் பழைய வீல்ல நேரா சரியுது.

பழையஇரும்பு
அப்ப அந்த நட்டோட ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க. ஃபோக்ஸ்வேகன் ஒரிஜினல் வீலுக்கு உருண்டை சீட்டு (நட்டு உக்கார்ற குழி), 13 மில்லி ரேடியஸ், உங்க மாஸ்டா நட்டு 60 டிகிரி கூம்பு. கூம்பு போய் கிண்ணத்துல உக்காந்தா ஒரு வட்டக் கோட்டுல மட்டும் தான் தொடும், நீங்க பாத்த கோடு அது தான். டார்க் ரெஞ்சு (இறுக்குற விசைய அளக்குற ஸ்பேனர்) டிக்குனு சொல்லும், கைக்கு இறுகின மாதிரியே இருக்கும், ஆனா ஓட ஓட அந்த கோட்டுல அலுமினியம் அமுங்கி நட்டு தளர்ந்துடும். இத்தனைக்கும் மறை எம்12×1.5னு (12 மில்லி தடிமன், 1.5 மில்லி புரி இடைவெளி) சரியா பொருந்திடும், அதனால தான் ஏமாந்துடுறோம்.

உருண்டை சீட்டு நட்டு எம்12×1.5லயே கிடைக்கும், ஆனா ஹோண்டா நட்ட எடுத்துடாதீங்க, அது 12 மில்லி ரேடியஸ், பாக்க ஒரே மாதிரி இருக்கும். 13னு தெளிவா கேளுங்க. கோல்ஃப்ல நட்டே கிடையாது, போல்ட்டு தான், அதனால விக்கிறவர் தர்ற போல்ட்டு உங்களுக்கு ஆகாது. இன்னொண்ணு, நட்டு ஸ்டட்டுல (ஹப்புல இருந்து நீட்டிட்டு இருக்கிற மறைக் கம்பி) குறைஞ்சது 8 சுத்தாவது ஏறணும், ஏறலனா நீள ஸ்டட்டு மாத்தாம வேற வழி இல்ல.

லோகிங்கு
ஏன் ப்ரோ இவ்ளோ கஷ்டம், 15×8 ஈடி20 வாங்கி மாட்டுங்க, செம லுக்கா இருக்கும் 🔥

ஹப்புராஜா
@லோகிங்கு லுக்கு வரும், கூடவே ஃபெண்டர் மடிக்கிற செலவும் வரும் 😄 கணக்கு போட்டு பாருங்க, வெளிப்பக்கம் மட்டும் 57 மில்லி தள்ளும், கேம்பர் சாய்க்காம, அதாவது வீலோட மேல்பக்கத்த உள்ளுக்கு சாய்க்காம, உள்ள அடங்காது, ஸ்டியரிங் கனக்கும், ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு கோட்டையும் பிடிச்சு இழுக்கும். எம்எக்ஸ்-5ல இருக்கிற ஒரே சுகமே அந்த ஸ்டியரிங் தான், அதயும் ஏங்க கெடுக்கணும்?

@ரோட்ஸ்டர்காரன் டயருக்கு 195/50 ஆர்15 போடுங்க (அகலம் 195 மில்லி, பக்க உயரம் அதுல 50 சதவீதம், 15 இஞ்ச் வீலுக்கு). பழைய 185/60 ஆர்14 மொத்த உயரம் 577.6 மில்லி, இது 576, ஸ்பீடோமீட்டர்ல வித்தியாசமே தெரியாது. 205/50 போட்டா 586க்கு போயிடும், மாட்டலாம் தான், ஆனா கியர் கொஞ்சம் நீண்டுடும் (இழுவை குறையும்), 1.6க்கு அது வேணாம்.

ரோட்ஸ்டர்காரன்
சூப்பர்ணா, சூப்பர் ப்ரோ. புதுசாவும் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், 15×7 ஈடி35, கூம்பு சீட்டு, அத எடுத்தா இந்த நட்டு தொல்லை இல்லல்ல?

பழையஇரும்பு
நட்டு தொல்லை இல்ல, வெளிய 29 மில்லி உள்ள 9 மில்லி தள்ளும், கார ரொம்ப தாழ்த்தலனா உரசாது. ஆனா கோல்ஃப் செட்டு நேரா இருந்தா நான் அத தான் எடுப்பேன். காசு குடுக்கிறதுக்கு முன்னாடி டயர் இல்லாம வெறும் வீல பேலன்ஸ் மெஷின்ல சுத்த விட்டு விளிம்ப பாருங்க, உள்பக்க விளிம்பு தான் முதல்ல வளையும், வெளிய நின்னு பாத்தா தெரியாது.

ரோட்ஸ்டர்காரன்
சுத்தி பாத்துட்டோம், நாலும் நேரா ஓடுது. ரிங்கும் 13 மில்லி நட்டும் வாங்கியாச்சு, 9 சுத்து ஏறுது. டார்க் எவ்ளோ வைக்கட்டும்?

பழையஇரும்பு
88ல இருந்து 118 நியூட்டன் மீட்டர் வரைக்கும் மாஸ்டா சொல்றது, நடுவுல 100 வச்சுக்கோங்க, நட்டுல எண்ணெய் தடவாதீங்க, கொஞ்ச தூரம் ஓடினதும் திரும்ப ஒரு தடவ ரெஞ்சு வச்சு பாருங்க. அப்புறம் பழைய கூம்பு நட்ட தூக்கி போட்டுடாதீங்க, டிக்கில இருக்கிற ஸ்டெப்னிக்கு அது தான் பொருந்தும், நாலு நட்டு ஒரு பையில போட்டு ஸ்டெப்னி பக்கத்துலயே வச்சிடுங்க.